சினமும் அண்டை வீடும்

ஒரே தெருவில், ஒரே கூரையின்கீழ், ஒரே குழாயில் நீர்பிடித்து வாழும் மக்கள் ஒருவர்மீது ஒருவர் சினங்கொள்ளாமல் வாழ்ந்துவிட இயலாது. நெருக்கம் மிகுந்த இடத்தில் அன்பும் மிகும், உரசலும் மிகும். ஆதலின், 'சினங்கொள்ளாதீர்' என்று அறிவுரை கூறி அமைந்துவிடுவது எளிதே ஆயினும் அதனால் விளையும் பயன் சிறிது. நம்மோடு வாழும் ஒருவர் சினந்து எழுந்து நிற்கும்போது, எதிரே நிற்கும் நாம் என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாவே நாள்தோறும் நம் வாயிற்படியில் வந்து நிற்பது. அவ்வினாவைப் பற்றிய சில எண்ணங்களை இக்கட்டுரை வாயிலாக மாணவர்கள்முன்னும் சமுதாயப் பெரியோர்கள்முன்னும் வைக்க விழைகிறோம்.

எம்.கே.பி. நகர் என்று சுருங்கிய பெயரால் வழங்கும் மகாகவி பாரதி நகர், வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டி அமைந்த பகுதி. துறைமுகத்திலும், இரயில்வே பணிமனைகளிலும், சிறுதொழிற் கூடங்களிலும் உழைத்த, உழைக்கின்ற குடும்பங்கள் அங்கே நெருங்கி வாழ்கின்றன. பள்ளிவாசலின் பாங்கோசையும், கோயில் மணியோசையும், தேவாலயப் பாடலும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. அங்கே எழும் பூசல்கள் பெரும்பாலும் பெரிய கொள்கைகளால் எழுவன அல்ல. மாடிப்படியின் அடியில் நிறுத்திய இருசக்கர வண்டி, தண்ணீர் லாரி வந்தபோது முன்னே தள்ளிவைக்கப்பட்ட குடம், இரவு வெகுநேரம் ஒலித்த ஒலிபெருக்கி, அடைபட்ட சாக்கடை ஆகியவையே அவற்றின் தொடக்கம். தொடக்கம் சிறிது, ஆனால், அது வளரும் விதத்தில்தான் ஒரு சமுதாயத்தின் பண்பாடு வெளிப்படுகிறது.

சினம் என்பதன் வேர்

தமிழிலக்கண மரபு சினத்தை வெறும் குற்றமாகக் கண்டு ஒதுக்கிவிடவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியை வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுத்தார். உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்து வருத்தல், கொல்லுதல் என்பன அவை. இந்நான்கும் ஒருவனுக்குப் பிறர் இழைத்த தீங்குகள் என்பது ஈண்டு நோக்குதற்குரியது. வெகுளியைக் கண்டவுடன், அதற்குமுன் நிகழ்ந்த தீங்கு ஒன்று உண்டா என்று தேடும் பார்வையை அந்நூற்பா நமக்கு அளிக்கிறது.

திருவள்ளுவர் வகுத்த முறையும் சிந்தனைக்குரியது. வெகுளாமை என்னும் 31ஆம் அதிகாரத்தை அவர் துறவறவியலில் வைத்தார். பொறையுடைமை என்னும் 16ஆம் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். சினமே தோன்றாத நிலை துறவிக்கு இலக்கு. அண்டை அயலாரோடு வாழும் இல்லறத்தானுக்கு உரிய கடமை, பிறர் செய்த மிகையைப் பொறுத்தல் என்று இதற்கு நாம் பொருள் கொள்ளலாம். அன்றியும், வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, சினம் பலிக்கும் இடம், பலியாத இடம் என இரண்டை வள்ளுவர் பிரித்துக் காட்டுகிறார். பலிக்கும் இடத்தில் காப்பதே காத்தல் என்பது அவர்தம் கருத்து. இப்பாகுபாடு வடசென்னையின் வரலாற்றைப் படிப்போர்க்கு மிக ஆழமான பொருள் தருவதாகும். ஏனெனில், வலியார்மேல் எழுந்த சினம் அங்கே பலிக்காதபோது, பலிக்கும் இடத்தைத் தேடி எளியார் வீட்டிற்குச் சென்ற கதை இம்மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது.

1921: ஆலைவாயிலிலிருந்து சேரிக்கு

எம்.கே.பி. நகரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் பெரம்பூரும் புளியந்தோப்பும் உள்ளன. பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இயங்கியது பெரம்பூரில்தான். அவ்வாலைத் தொழிலாளர்க்காக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் அச்சங்கத்தை அமைப்பதில் பி.பி. வாடியா, திரு.வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்றனர். சாதி இந்துக்களும், முஸ்லிம்களும், ஆதிதிராவிடர்களும் ஒரே ஆலைச் சங்கொலிக்கு எழுந்து, ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்த காலம் அது.

1921ஆம் ஆண்டின் நடுவில் அங்கே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில் நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் பணிக்குச் சென்றனர். அவர்கள் அவ்வாறு சென்றது ஏன் என்று அன்று கேட்டவர் சிலர், ஏசினவர் பலர். நாட்கூலியன்றி வேறு கைமுதல் இல்லாத குடும்பங்கள் அவை. எந்த ஊர்க் கிணற்றில் தங்களைத் தண்ணீர் எடுக்கவிடவில்லையோ அந்த ஊராரோடு சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் உள்ளத்தில் ஐயம் எழுந்தது வியப்பன்று. அவர்தம் தலைவராக விளங்கிய எம்.சி. ராஜாவும் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை.

ஆலை முதலாளியின்மீது எழுந்த சினம் ஆலைவாயிலில் பலிக்கவில்லை. அங்கே காவலும், பணமும், அரசின் துணையும் இருந்தன. எனவே அச்சினம் வழி மாறிற்று. பணிக்குச் சென்றுவரும் சக தொழிலாளியின்மீது வசையாகவும் கல்லாகவும் விழுந்தது. 1921 ஜூன் மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. அடி பட்டவர் திருப்பி அடித்தனர். இரு தரப்பிலும் குருதி சிந்திற்று. ஆகஸ்ட் 29ஆம் நாள் பெரம்பூரில் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் தொழிலாளர் எழுவர் மாண்டனர். இறுதியில் அக்டோபர் மாதத்தில், மருத்துவர் சி. நடேச முதலியாரின் நடுநிலை முயற்சியால் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. தொழிலாளர் எண்ணியது கைகூடவில்லை, சங்கமும் வலுவிழந்தது.

கசப்பு ஆலையோடு நின்றுவிடவில்லை. கலவரத்திற்கான பழியை ஆதிதிராவிடர்மேல் சுமத்திப் பேசிய தலைவர்களும் இருந்தனர். நீதிக்கட்சியில் இருந்த எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகியதற்கு இக்கலவரத்தின்போது ஏற்பட்ட மனப்புண்ணும் ஒரு காரணம் ஆயிற்று. ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. ஆலையை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் இன்று இல்லை. ஆனால், குடிசை எரிந்த குடும்பத்தின் நினைவு ஆலையைவிட நீண்ட ஆயுள் உடையது.

இவ்வரலாற்றை நம் சமுதாயத்தார் சற்றே உற்றுநோக்க வேண்டும். அன்று வேலைநிறுத்தத்தில் நின்றோருள் முஸ்லிம் தொழிலாளரும் இருந்தனர். அவர்கள் கேட்ட உரிமை நியாயமானதே. எனினும், நியாயமான சினம்கூட முகவரி தவறினால் அநியாயமாகிவிடும் என்பதற்கு 1921 சான்றாக நிற்கிறது. தாம் சிறுபான்மையராய் ஒதுக்கப்படும்போது வருந்துகின்ற ஒரு சமுதாயம், தன் பக்கத்தில் தன்னினும் எளியவர் ஒதுக்கப்பட்டபோது தான் எங்கே நின்றது என்பதையும் நினைத்துப் பார்த்தல் அறமாகும்.

கேட்டலின் வலிமை

சினந்து வருபவரை எதிர்கொள்ளும் முறைக்கு நம் மரபுகள் இரண்டிலும் அழகிய சான்றுகள் உள்ளன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்குத் தர வேண்டிய ஒட்டகக் கடனைக் கேட்டு வந்தார்; கடுமொழி பேசினார். தோழர்கள் சினந்து அவர்மேல் பாய முனைந்தனர். நாயகமோ அவர்களைத் தடுத்து, உரிமை உடையவருக்குப் பேசும் உரிமையும் உண்டு என்னும் கருத்துப்பட உரைத்தார்கள். பின்னர் அவருக்கு ஒட்டகம் வாங்கித் தருமாறு பணித்தார்கள். அவர் கொடுத்ததைக் காட்டிலும் சிறந்த ஒட்டகமே கிடைத்தபோது அதனையே கொடுக்கச் செய்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. வந்தவரின் சொல் கடுமையானது; கோரிக்கையோ உண்மையானது. நாயகம் சொல்லின் கடுமையைக் காரணமாகக் காட்டிக் கோரிக்கையைத் தள்ளவில்லை. நம்முள் எத்தனை பேர் இதனைச் செய்கிறோம்? 'அவன் கேட்ட விதம் சரியில்லை' என்று சொல்லி, அவன் கேட்ட பொருளையே மறந்துவிடுகிறோம். முறை தவறியவன்மீது வழக்குத் தொடுத்து, வழக்கை வென்று, கடனை மட்டும் கொடாமல் விட்டுவிடுகிறோம்.

இனிச் சிலப்பதிகாரத்தை நோக்குவோம். தலைவிரி கோலமாய், கையில் ஒற்றைச் சிலம்போடு வந்த கண்ணகியை வாயிற்காவலன் விரட்டவில்லை. கண்டதை அரசனிடம் அறிவித்தான். அரசன் அவளை உள்ளே அழைத்தான். யார், என்ன குறை என்று கேட்டான். சிலம்பு உடைந்து உண்மை தெரிந்தபோது தன் பிழையை ஏற்று உயிர் நீத்தான். ஆயினும் அவள் சினம் அரண்மனையோடு அமையாது மாநகரைச் சூழ்ந்தது. அப்போது அவளை அமைதிப்படுத்த வந்தது மதுராபதித் தெய்வம். நகரையே காக்கும் தெய்வம் அது. எனினும், கண்ணகியின் முன்னே வந்து நிற்காமல் பின்புறமாய் வந்து, தான் சொல்வதைக் கேட்பாயா என்று தாழ்ந்து வினவி, பாண்டியர் மரபின் நேர்மையையும் பழவினையின் தொடர்பையும் எடுத்துரைத்தது. சினத்தின் முகத்துக்கு நேரே முகத்தை நீட்டாமல், சற்றே ஒதுங்கி, இசைவு பெற்றுப் பேசத் தொடங்கிய அம்முறையை இளங்கோவடிகள் படைத்த திறம், இன்றும் ஒரு பஞ்சாயத்தார் கற்கத் தக்கது.

எண்ணூர் காட்டிய வழி

வடசென்னையின் வரலாறு வழிமாறிய சினத்தின் வரலாறு மட்டுமன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அதே நாட்களில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்தம் படகும் வலையும் கறுத்தன, பிழைப்பு நின்றது. அத்துயர் ஆறுமுன்னரே, டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் உள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

சினம் மூள்வதற்கு இதனினும் காரணம் வேண்டுமோ? அச்சினம் வழிமாறுவதற்கும் வாய்ப்புகள் இருந்தன. அதே ஆலைகளில் கூலிவேலை செய்வோரும் அப்பகுதியில் வாழ்கின்றனர். 'உங்கள் ஆலையால்தான் இது நேர்ந்தது' என்று அவர்கள் வீட்டு வாயிலில் போய் நின்றிருக்கலாம். ஆனால், பல குப்பத்து மக்கள் ஒன்றுகூடி, பெண்களும் முதியோரும் முன்னிருக்க, தொழிற்சாலையின் எதிரே நாட்கணக்கில் அமர்ந்தனர். சினம் தன் முகவரியை விட்டு விலகவில்லை. ஆலையின் இயக்கம் நிறுத்தப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அம்மக்கள் கேட்ட யாவும் கிடைத்துவிட்டன என்று நாம் கூற வரவில்லை. போராட்டத்தின் முடிவில் அண்டை வீடு அண்டை வீடாகவே இருந்தது என்பதைக் கூற வருகிறோம். 1921இல் வடசென்னை இழந்தது அதனையே.

மாணவர்கட்கு ஒரு சொல்

இதனைப் படிக்கும் மாணவர்கள் 1921ஐப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் ஓடும் மாநகரப் பேருந்தை மறித்து, மாணவரை மாணவர் பட்டாக்கத்தியால் வெட்டினர். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே மாணவர் கும்பலால் தாக்கப்பட்ட வேறொரு கல்லூரி மாணவர் உயிரிழந்தார். 'ரூட்டு தல' என்றும், எங்கள் வழித்தடம் உங்கள் வழித்தடம் என்றும் பிரிந்து மோதிக்கொள்ளும் இவ்விளைஞருள் பெரும்பாலோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஒரே வகையான சிறு வீடு, ஒரே வகையான வறுமை, ஒரே வகையான வேலையின்மை அச்சம். தம்மை மதியாத உலகின்மீது அவர்கள் உள்ளத்தில் கனலும் சினம், அவ்வுலகை எட்ட இயலாமல், பக்கத்து இருக்கையில் அமர்ந்தவன்மீது இறங்குகிறது. புளியந்தோப்பில் குடிசைமேல் இறங்கிய அதே சினமே இது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு நன்னூல் ஒரு பயிற்சியைத் தருகிறது. நூலாசிரியன் கைக்கொள்ளும் எழுவகை மதங்களுள் பவணந்தியார் முதலில் வைத்தது உடன்படல். மறுத்தல் அதற்கு அடுத்ததே. பிறர் கருத்தை ஏற்று உரைத்துப் பின்னர்க் களைதலையும் அவர் தனியே ஒரு மதமாக வகுத்தார். நம் கல்லூரிகளில் நடக்கும் பட்டிமண்டபங்கள் மறுக்கும் திறனை நன்கு வளர்க்கின்றன; உடன்படும் திறனை வளர்ப்பதில்லை. எதிரணியார் கூறியதை, 'ஆம், நான் சொல்ல வந்தது இதுவே' என்று அவரே ஒப்புமளவிற்கு எடுத்துரைத்த பின்னரே மறுக்கலாம் என்னும் விதியோடு ஒரு பட்டிமண்டபத்தை நம் துறையினர் நடத்திப் பார்க்கலாம். வகுப்பறையில் பழகிய நா, பேருந்திலும் தெருவிலும் அவ்வாறே நடக்கும் என்று நம்புகிறோம்.

இது கோழைத்தனமா?

'சினந்து வருபவனுக்கெல்லாம் செவிசாய்த்தால், உரக்கக் கத்துபவனே ஊரை ஆளமாட்டானா?' என்று சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே இது. கேட்டல் வேறு, பணிதல் வேறு. ஒருவனது குறையைக் கேட்பதனால் அவன் கையிலுள்ள கல்லுக்கு நாம் இசைவு தந்தவராக மாட்டோம். கை ஓங்கியவனைத் தடுத்தே தீர வேண்டும். தீ வைத்தவனைச் சட்டத்தின்முன் நிறுத்தியே தீர வேண்டும். அடிபடுபவனைப் பார்த்து 'பொறுத்துக்கொள்' என்று உபதேசிப்பது பொறையுடைமை ஆகாது. பொறுமை நாம் நமக்கு விதித்துக்கொள்ள வேண்டிய அறம். பிறர்மீது சுமத்தும் ஏவல் அன்று. அதிலும், வலியவன் எளியவனுக்குப் பொறுமை போதிப்பது வள்ளுவர் காட்டிய நெறியின் தலைகீழ் வடிவமாகும். பலிக்கும் இடத்தில் இருப்பவனே காக்க வேண்டியவன்.

பெரியோர்கள் செய்யத் தக்கவை

சமுதாயப் பெரியோர்களுக்கு மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒருவரின் சினத்தை அவருடைய கூட்டத்தின் சினமாக ஆக்காதிருத்தல். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நம்மிடம் சண்டையிட்டார் எனின், சண்டையிட்டவர் அவர் ஒருவரே. 'அவர்களே இப்படித்தான்' என்னும் ஒரு சொல் வாயினின்று வந்த கணமே, குழாயடிச் சண்டை சாதிச் சண்டையாகிறது. வண்டி நிறுத்திய வழக்கு மதத்தின் வழக்காகிறது. அச்சொல் நம் வீட்டுக் கூடத்தில், நம் பிள்ளைகளின் செவிபடவே பெரும்பாலும் பிறக்கிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, நம் தரப்பாரை நாமே தடுத்தல். எதிர்த்தரப்பாரைக் கண்டிக்க எவர்க்கும் துணிவு வேண்டுவதில்லை. ஒட்டகக் கடன் கேட்டு வந்தவர்மேல் பாய முனைந்தவர்கள் நாயகத்தின் அன்புத் தோழர்களே, தடுக்கப்பட்டவர்களும் அவர்களே. ஜமாஅத் நிருவாகிகளும், குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் தத்தம் பக்கத்து இளைஞரின் தோளைப் பற்றி நிறுத்துவார்களாயின், தெருவில் பாதிச் சண்டை தொடங்காது.

மூன்றாவது, காலத்தே செல்லுதல். 1921இல் நடுவர் முயற்சி வெற்றி பெற்றது அக்டோபரில். குடிசைகள் எரிந்ததோ ஜூனில். இடைப்பட்ட மாதங்களின் விலையை உயிர்களால் கொடுத்தனர். பூசல் முற்றிய பின்னர் அமைதிக் குழு அமைப்பது நம் வழக்கம். பூசல் இல்லாத நாளிலேயே, மூன்று சமயத்தாரும் எல்லாச் சாதியாரும், பெண்களும், இளைஞரும் அடங்கிய ஒரு சிறு குழு ஒவ்வொரு குடியிருப்பிலும் இருத்தல் வேண்டும். அவர்கள் திங்கள் ஒருமுறை கூடித் தண்ணீரையும் சாக்கடையையும் பற்றிப் பேசினாலே போதும். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் அதனால் உண்டாகும். பெயர் தெரிந்தவன்மேல் கல்லெறியக் கை சற்றே தயங்கும். அத்தயக்கமே பல நேரங்களில் ஓர் ஊரைக் காக்கிறது.

வடசென்னை மக்களுக்குச் சினங்கொள்ளக் காரணங்கள் உண்டு. நகரின் குப்பையும், ஆலைகளின் புகையும், மழைக்காலத்து வெள்ளமும் அவர்கள் பங்காகவே வந்துசேர்கின்றன. அச்சினத்தை அணைத்துவிடுமாறு அவர்களிடம் கூற எவர்க்கும் தகுதி இல்லை. அது அண்டை வீட்டுக் கதவைத் தட்டாமல், போய்ச் சேர வேண்டிய வாயிலைச் சென்று சேருமாறு உடன்நடப்பதே கற்றோர் கடமை. நம் கல்லூரியில் தமிழ் கற்று வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் தத்தம் தெருவில் அவ்வாறு உடன்நடப்பவராகத் திகழ வேண்டும் என்று வேண்டி அமைகிறோம்.